கணினிக்கூடத்தில் ஒரு கடை

கடை என்ற சொல்லைக் கேட்டவுடன் மனக்கண் முன்னே சில பொருள்கள் வந்து நிற்கின்றன. சாமான்கள் அடுக்கிய தட்டு, நிறுத்துக் கொடுக்கும் தராசு, வரவு செலவு எழுதும் கொப்பி, பணம் போடும் மேசை லாச்சி ஆகிய நான்கும் அவற்றுள் முக்கியமானவை. இந்த நான்கிற்கும் மேலாக, வருகின்றவரின் முகம் பார்த்து வரவேற்கும் கடைக்காரர் ஒருவர் அங்கே இருக்கின்றார். கிராமத்துச் சங்கக்கடையாயினும் சரி, மாநகரத்துப் பெருங்கடையாயினும் சரி, இந்த ஐந்தும் இல்லாமற் கடை நடத்த முடியாது.

இக்காலத்தில் கண்ணுக்குப் புலப்படாத கடைகள் பல தோன்றியுள்ளன. இணையவழிக் கடைகள் என்று அவற்றை வழங்குகின்றனர். அங்கே தட்டின் இடத்தைப் பொருட்பட்டியல் பிடித்துக்கொள்கின்றது. தராசின் வேலையை, விலையையும் வரியையும் அனுப்பும் செலவையும் கூட்டிச் சொல்லும் கணக்குப்பகுதி செய்கின்றது. கொப்பிக்குப் பதிலாகத் தரவுத்தளம் இருக்கின்றது. லாச்சிக்குப் பதிலாக வங்கியோடு பேசும் கொடுப்பனவு வாயில் இருக்கின்றது. ஆனால் ஐந்தாமவராகிய கடைக்காரரைத்தான் அங்கே காண முடிவதில்லை. அவருடைய இடத்தில் ஒரு செய்நிரல் அமர்ந்திருக்கின்றது. முகம் பார்த்துப் பிறக்கும் நம்பிக்கையை, முகமே இல்லாத அந்தச் செய்நிரல் எவ்வாறு உண்டாக்குவது? இணையவழிக் கடையைப் பற்றிய கல்வி முழுவதும் இந்த ஒரு வினாவினுள் அடங்கிவிடுகின்றது என்று சொல்லலாம்.

பல்கலைக்கழகங்களிலே கணினி பயிலும் மாணவரும் வணிகம் பயிலும் மாணவரும் தங்கள் கணினிக்கூடத்தில் இத்தகைய கடையொன்றை நிறுவிப் பார்ப்பது இப்பொழுது பாடத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஆகவே, ஏட்டில் உள்ள கடையைக் கூடத்தில் எழுப்பிப் பார்க்கின்றனர். அந்த வேலை எவ்வாறு நடைபெறுகின்றது, அதனால் மாணவன் கற்றுக்கொள்வது யாது என்பவற்றை விளங்கிக்கொள்வது, கடை வைக்காத நேயர்களுக்கும் பயன் தரும். கடை வைக்காதவர் பலர் உண்டு. கடையிற் பொருள் வாங்காதவர் எவரும் இலர் அன்றோ?

முதலில் இதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1979ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் ஆல்ட்றிச் என்பவர், தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பியின் வழியாகக் கணினியோடு இணைத்துக் கொள்வனவு செய்யும் முறையொன்றைக் கண்டறிந்தார். 1984ஆம் ஆண்டு மே மாதத்தில், கேற்ஸ்ஹெட் என்னும் ஊரில் வாழ்ந்த ஜேன் ஸ்னோபோல் என்ற எழுபத்திரண்டு வயது அம்மையார், தம் வீட்டு நாற்காலியில் அமர்ந்தபடியே தொலைக்காட்சிப் பெட்டியின் மூலம் மாஜரீனும் சோளப்பொரியும் முட்டையும் தருமாறு கடைக்குக் கட்டளை அனுப்பினார். முதியோரும் நடமாட இயலாதோரும் பயன்பெற வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பரிசோதனை அது. இந்தக் கலை கால்நடையாகக் கடைக்குச் செல்ல முடியாதவரை முன்னிட்டே தொடக்கத்தில் முயன்று பார்க்கப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பின்னர் வந்தது உலகளாவிய வலை. சுவிற்சர்லாந்தில் உள்ள அணு ஆராய்ச்சி நிலையத்திலே பணியாற்றிய ரிம் பேர்னர்ஸ்-லீ 1989இல் அதற்குரிய திட்டத்தை எழுதினார். 1994ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆந் தேதி, அமெரிக்காவில் 'நெற்மார்க்கற்' என்ற இணையக் கடையில் இசைத்தட்டு ஒன்று 12.48 டொலருக்கு விற்பனையாயிற்று. கடனட்டையின் இலக்கத்தை இரகசியக் குறியீடாக மாற்றி அனுப்பி நடைபெற்ற விற்பனைகளுள் முதன்மையானது என அது போற்றப்படுகின்றது.

அடுத்த ஆண்டிலே, அஃதாவது 1995இல், மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் போல் கிரகாம், றொபேட் மொறிஸ் என்னும் இருவர் 'வயாவெப்' என்ற மென்பொருளை ஆக்கத் தொடங்கினர். கடை வைக்க விரும்புவோர் கணினிக்கலை அறியாதவராயினும், இணையப் பக்கத்தின் மூலமாகவே தம் கடையைத் தாமே கட்டிக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. 1998இல் யாகூ நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. இந்த இருவருள் மொறிஸ் என்பவருக்கு முன்கதை ஒன்று உண்டு. அவர் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த காலத்தில், 1988ஆம் ஆண்டு நவம்பரில், பரிசோதனையாக வெளியிட்ட சிறு செய்நிரல் ஒன்று எதிர்பாராத விதமாகத் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு ஓடி, அன்றைய இணையத்தில் இருந்த ஆயிரக்கணக்கான கணினிகளை முடங்கச் செய்தது. பல்கலைக்கழகத்துக் கணினிக்கூடம் நான்கு சுவருக்குள் அடங்கிய இடம் அன்று. அதன் கம்பி உலகத்தோடு தொடுக்கப்பட்டது. கூடத்தில் நடக்கும் பிழை கூடத்தோடு நிற்கும் என்று எண்ணுவது பேதைமை. இந்தப் பாடம் பின்னே மீண்டும் வரும்.

2000ஆம் ஆண்டில் ஜேர்மனியிலிருந்து 'ஓஎஸ்கொமேர்ஸ்' என்னும் கடை மென்பொருள், எவரும் விலையின்றிப் பெற்றுத் திருத்திக்கொள்ளக் கூடிய திறந்த மூல மென்பொருளாக வெளிவந்தது. 2005ஆம் ஆண்டில் பரிஸ் நகரத்து 'எபிரெக்' என்னும் கணினிக் கல்லூரியின் மாணவர் சிலர், தமது கல்விச் செயற்றிட்டமாகக் கடை மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கினர். அதுவே 2007இல் 'பிறெஸ்ராஷொப்' என்ற பெயரோடு உலகிற்கு வந்து, பல நாடுகளில் உள்ள சிறு வணிகர் கையாளும் கருவியாக வளர்ந்தது. மாணவரின் கூடத்திலே பிறந்த அந்த மென்பொருள் இன்று வேறு மாணவரின் கூடங்களிலே பாடப்பொருளாகி இருக்கின்றது. ஆதலால் இங்கே அதனையே உதாரணமாகக் கொள்வது பொருத்தமாகும்.

கடை கட்டுவதற்கு முன்னர் நிலம் வேண்டும். இணையக் கடைக்கு வழக்கமாக நான்கு ஆதாரங்கள் வேண்டப்படுகின்றன. முதலாவது, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். லினக்ஸ் என்பது அத்தகையது. 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் அதனைத் தொடங்கினார். இரண்டாவது, வந்து கேட்பவருக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் வலைச் சேவையகம். அப்பாச்சி என்பது அதன் பெயர். இலினோய் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு சேவையகத்தை அடியாகக் கொண்டு 1995இல் அது வெளிவந்தது. மூன்றாவது, கணக்குகளைக் காக்கும் தரவுத்தளம். 1995இல் சுவீடனிலிருந்து வெளிவந்த மைஎஸ்கியூஎல் இதற்குப் பெயர்பெற்றது. அதனை ஆக்கியவர்களுள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், 'மை' என்னும் தம் மகளின் பெயரையே அதற்கு இட்டார். 2009இல் அதன் கிளையாகத் தோன்றிய மரியாடிபிக்கு இளைய மகள் மரியாவின் பெயரை இட்டார். நான்காவது, கேள்விக்கு ஏற்றபடி பக்கங்களை அவ்வப்போது எழுதித் தரும் பிஎச்பி என்னும் செய்நிரல் மொழி. ராஸ்மஸ் லேர்டோர்வ் என்பவர் தம் சொந்த இணையப் பக்கத்திற்காக எழுதிய சிறு கருவிகளிலிருந்து அது வளர்ந்தது.

சங்கக்கடையோடு ஒப்பிட்டால் இவை எளிதில் விளங்கும். லினக்ஸ் என்பது கடை நிற்கும் நிலம். அப்பாச்சி வாயிலில் நின்று வந்தவரைக் கேட்டு உள்ளே செய்தி அனுப்பும் சேவகன். பிஎச்பி, கேட்டதை எடுத்துக் கட்டிக் கொடுக்கும் சிப்பந்தி. தரவுத்தளம், பின்னறையில் இருந்து கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை. சிப்பந்தி எத்துணை சுறுசுறுப்பாயிருந்தாலும், கணக்கப்பிள்ளை பிழைவிட்டால் கடை கவிழும்.

கணினிக்கூடத்தில் இரண்டு வகையாகக் கடையை நிறுவலாம். ஒவ்வொரு மாணவனும் தன் கணினியிலேயே சேவையகம், தரவுத்தளம், பிஎச்பி ஆகிய மூன்றையும் அமைத்துக்கொள்வது ஒரு வகை. இம்மூன்றையும் ஒரே பொதியாகக் கட்டித் தரும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்போது கடையின் முகவரி 127.0.0.1 என்பதாகும். எந்தக் கணினியிலும் 'நான்' என்பதற்கு உரிய முகவரி அது. அக்கணினியில் அமர்ந்திருப்பவரன்றி வேறு எவரும் அந்த முகவரியால் அக்கடைக்குள் வர இயலாது. கூடத்தில் ஒரு கணினியைச் சேவையகமாக்கி, 192.168 என்று தொடங்கும் உள்ளக முகவரியொன்றை அதற்கு நிலையாகக் கொடுத்து, ஏனைய கணினிகளிலிருந்து எல்லோரும் வாடிக்கையாளராக உள்ளே வருவது மற்றொரு வகை. உள்ளக முகவரி வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப்பெயர் போன்றது. தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. பழகுகின்ற கடைக்கு அந்த மறைவே பாதுகாப்பு.

வாயிலுக்கும் இலக்கம் உண்டு. சாதாரண வலைப்பக்கங்கள் 80 என்ற வாயிலாலும், இரகசியக் குறியீட்டில் வருவன 443 என்ற வாயிலாலும் வந்து போகின்றன. வேறு ஏதாவது மென்பொருள் அவ்வாயிலை முன்னரே பிடித்துக்கொண்டிருந்தால் சேவையகம் தொடங்க மறுக்கும். முதல் நாளிலே பல மாணவர் மனம் சோர்வது இங்கேதான். இயந்திரம் பழுதென்று எண்ணி அவர்கள் மென்பொருளை அழித்து மீண்டும் மீண்டும் நிறுவுவர். வாயிலில் யார் நிற்கின்றார் என்று விசாரிப்பதே செய்யத்தக்கது. பதிவேட்டைத் திறந்து படித்தால் சேவையகம் தன் குறையைத் தானே எழுதி வைத்திருக்கும். அதனைப் பொறுமையோடு வாசிக்கப் பழகியவன் பாதிக் கல்வியைப் பெற்றவனாவான்.

அடுத்து, கடைக்கெனத் தரவுத்தளம் ஒன்றை உண்டாக்க வேண்டும். அதனைக் கையாளத் தனியான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அமைக்க வேண்டும். எல்லா அதிகாரமும் உடைய தலைமைப் பயனரின் பெயரைக் கடைக்குக் கொடுப்பது, வீட்டுத் திறப்புக் கோர்வை முழுவதையும் கடைச் சிப்பந்தியிடம் ஒப்படைப்பதற்குச் சமம்.

தமிழ்ப் பெயர்களைக் கடையில் எழுத விரும்புவோர் இவ்விடத்தில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 'பனங்கட்டி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் ஆறு. ஒருங்குகுறி என்னும் யூனிகோட் முறையிலோ புள்ளியும் விசிறியும் தனித்தனி எண்ணப்படுவதால் அது ஒன்பது குறியீடுகளாகும். யூரிஎவ்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் இடம் வேண்டுமாதலால், அச்சொல் இருபத்தேழு பைட் இடத்தைப் பிடிக்கின்றது. ஐரோப்பிய எழுத்துகளுக்கு மட்டுமே ஏற்ற பழைய எழுத்துமுறையில் தரவுத்தளத்தை அமைத்துவிட்டால், பனங்கட்டி இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். பின்னர் திருத்தினாலும், அவ்வாறு கேள்விக்குறியாகிப்போன பெயர்கள் மீளா. தொடக்கத்திலேயே யூரிஎவ்-8 முறையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். சேமிக்கும் இடத்தை ஆயத்தம் செய்யாமற் சேமித்த பொருள் கெட்டுப்போவது தானியத்துக்கும் உண்டு, சொல்லுக்கும் உண்டு.

இவ்வளவும் ஆயத்தமானபின் கடை மென்பொருளின் பொதியைச் சேவையகத்தின் கோப்புறையில் விரித்து வைத்து, இணையப் பக்கங்களைக் காட்டும் மேலோடியில் அதன் முகவரியை எழுதினால் நிறுவும் பகுதி தோன்றும். மொழி, கடையின் பெயர், நாடு, நிருவாகியின் மின்னஞ்சல், கடவுச்சொல், தரவுத்தள விவரம் என ஒவ்வொன்றாக அது கேட்கும். கேட்டவற்றைக் கொடுத்துச் சில நிமிடங்கள் காத்திருந்தால் கடை எழுந்துவிடும். ஆனால் பிறெஸ்ராஷொப் உடனே நிருவாக அறைக்குள் விடுவதில்லை. நிறுவுதற்குப் பயன்பட்ட கோப்புறையை முதலில் அழித்துவிடுமாறு அது கட்டளையிடும். அக்கோப்புறை அங்கேயே கிடந்தால், அதனைக் கண்டெடுத்த எவரும் கடையைத் திரும்ப நிறுவிப் பழைய கணக்கைப் பாழாக்கலாம். கொத்தனார் வேலை முடிந்ததும் சாரத்தை அகற்றுவது அழகிற்காக மாத்திரம் அன்று; சாரத்தில் ஏறிக் கள்வன் மாடிக்குள் நுழையாதிருப்பதற்காகவும் ஆகும்.

கடை எழுந்தது. இனித் தட்டுகளை நிரப்ப வேண்டும். பொருளின் பெயர், படம், விவரம், விலை, இருப்பு ஆகியவற்றை எழுதுவது எளிய வேலை போலத் தோன்றும். ஆயினும் வணிக மாணவரும் கலை மாணவரும் தேவைப்படும் இடம் இதுவே. பனையோலைக் கூடையொன்றை விற்க வேண்டுமாயின், 'அழகிய கூடை' என்று எழுதிவிட்டால் வாங்குபவருக்கு ஒன்றும் விளங்காது. அதன் அகலமும் உயரமும் எவ்வளவு, கைப்பிடி எத்தகையது, ஈரம் பட்டால் என்னாகும், நிறம் படத்தில் உள்ளவாறே இருக்குமா, பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், அனுப்பும் செலவு யாருடையது என்பனவற்றை எல்லாம் எழுத வேண்டும். சந்தையில் இக்கேள்விகளைக் கையாலே தொட்டுப் பார்த்தும் வாயாலே கேட்டும் தீர்த்துக்கொள்கின்றனர். இணையக் கடையில் கேளாத கேள்விக்கும் முன்னரே விடை எழுதி வைத்தல் வேண்டும்.

விலைக் கணக்கிலும் நுட்பம் ஒன்று உண்டு. மனிதர் பத்தின் அடிப்படையில் எண்ணுகின்றனர். கணினி இரண்டின் அடிப்படையில் எண்ணுகின்றது. மூன்றில் ஒரு பங்கைப் பத்தின் முறையில் எழுதப் புகுந்தால் 0.333 என்று முடிவில்லாது செல்வதைப் போல, பத்தில் ஒரு பங்கை இரண்டின் முறையில் எழுதப் புகுந்தாலும் முடிவில்லாது செல்லும். ஆகவே கணினியிடம் சாதாரண தசம எண் வகையில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால், அது 0.30000000000000004 என்று விடை தரும். ஒரு சதத்திலே அற்பமாகத் தோன்றும் இப்பிழை, ஆயிரம் விலைச்சிட்டைகளைக் கூட்டும்போது கணக்கப்பிள்ளையின் உறக்கத்தைக் கெடுத்துவிடும். இதனாலே பணத்தை எழுதுவதற்கெனத் தரவுத்தளங்களில் சரிநுட்பத் தசம வகை தனியாக வைக்கப்பட்டிருக்கின்றது. தாமே செய்நிரல் எழுதும் மாணவர் இதனை மறந்துவிடலாகாது.

இதனினும் கடினமான சோதனை ஒன்றுண்டு. தட்டில் ஒரேயொரு கூடை மிஞ்சியிருக்கின்றது. கூடத்தின் இருவேறு மூலைகளில் இருக்கும் இருவர் ஒரே நொடியில் 'வாங்கு' என்னும் பொத்தானை அழுத்துகின்றனர். சங்கக்கடையில் இச்சிக்கல் எழாது; முதலில் கைநீட்டியவருக்கே கூடை. ஆனால் கணினிக் கடையில், முதலாமவருக்காக இருப்பைப் பார்த்த சிப்பந்தி 'ஒன்று உண்டு' என்கின்றான். அவன் அதனைக் கணக்கிலே குறைப்பதற்கு முன்னரே, இரண்டாமவருக்காகப் பார்த்த சிப்பந்தியும் 'ஒன்று உண்டு' என்கின்றான். இருவரிடமும் பணம் பெறப்படுகின்றது. கூடையோ ஒன்று. இதனைத் தடுப்பதற்குத் தரவுத்தளத்தில் 'பரிமாற்றம்' என்னும் ஏற்பாடு இருக்கின்றது. இருப்பைப் பார்த்தல், குறைத்தல், கட்டளையைப் பதிதல் ஆகிய மூன்றையும் ஒரே முடிச்சாகக் கட்டி, ஒருவருடைய முடிச்சு முடியும்வரை அந்த ஏட்டை மற்றவர் தொடாதபடி பூட்டிவைப்பதே அதன் உட்கருத்து. இடையில் மின்சாரம் நின்றாலும், மூன்றும் நடந்ததாகவோ ஒன்றும் நடவாததாகவோதான் கணக்கு இருக்குமேயன்றி, பாதி நடந்ததாக இராது. இருபது மாணவர் ஒரே வேளையில் பொத்தானை அழுத்திப் பார்க்கக் கூடிய கணினிக்கூடமே இதனைப் பரீட்சிப்பதற்கு ஏற்ற இடம்.

இனிப் பணம் பெறும் வாயிலுக்கு வருவோம். கூடத்தில் உண்மைப் பணத்தைத் தொடலாகாது என்பது கண்டிப்பான விதி. கொடுப்பனவு நிறுவனங்கள் இதற்கெனப் பரீட்சை முறையொன்றை வைத்திருக்கின்றன. அதில் உண்மை அட்டையைப் போன்ற இலக்கங்களைக் கொடுத்தால், கொள்வனவு நிறைவேறியதாகவே காட்டும். எந்தக் கணக்கிலிருந்தும் பணம் போகாது. 4 என்று தொடங்கி அதன்பின் பதினைந்து 1 வரும் இலக்கம் இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. அது ஏன் செல்லுபடியான இலக்கம்போல ஏற்றுக்கொள்ளப்படுகின்றது? ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீற்றர் லூன் என்பவர் 1954இல் உரிமைக்கு விண்ணப்பித்த சோதனை முறையொன்று இருக்கின்றது. வலக்கோடியிலிருந்து எண்ணி, ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இலக்கங்களை இரட்டித்து, இரட்டித்தது இரண்டு இலக்கமானால் அவ்விரண்டையும் கூட்டி, பின்பு எல்லாவற்றையும் கூட்டினால் பத்தாலே மீதியின்றிப் பிரிபட வேண்டும். மேற்சொன்ன இலக்கத்தில் 4 இரட்டித்து 8 ஆகும். இரட்டிக்கப்படும் ஏழு 1களும் சேர்ந்து 14 ஆகும். இரட்டிக்கப்படாத எட்டு 1களும் 8 ஆகும். மொத்தம் 30. நேயர்கள் கடதாசியும் பென்சிலும் எடுத்துச் செய்து பார்க்கலாம். ஆயினும் இச்சோதனை எழுதுவதில் நேர்ந்த பிழையைக் கண்டுபிடிக்குமேயன்றி, அட்டை உண்மையானதா, அதனைத் தருபவர் அதன் சொந்தக்காரரா என்பதைச் சொல்லாது. எழுத்துப்பிழை இல்லாத கடிதம் எல்லாம் உண்மைக் கடிதம் ஆகிவிடுமா?

அட்டை இலக்கத்தைக் கடையின் தரவுத்தளத்தில் எழுதி வைக்காமல், கொடுப்பனவு நிறுவனத்தின் பக்கத்துக்கே வாடிக்கையாளரை அனுப்பிவிடுவது சிறு கடைக்கு நல்லது. கையில் இல்லாத பொருளைக் கள்வன் கொண்டுபோக முடியாது. கடவுச்சொல்லின் விஷயமும் இவ்வாறே. அதனை உள்ளவாறு சேமிப்பது பெரும் பிழை. ஒருவழி உருமாற்றம் செய்து சேமிக்க வேண்டும். மாவிலிருந்து நெல்லைத் திரும்பப் பெற முடியாதது போல, அவ்வுருவிலிருந்து சொல்லைத் திரும்பப் பெற முடியாதிருத்தல் வேண்டும். 1999இல் வெளியான 'பிகிறிப்ற்' என்னும் முறை இதற்குப் பயன்படுகின்றது. வேண்டுமென்றே மெதுவாக இயங்குமாறு அது அமைக்கப்பட்டிருக்கின்றது. வாடிக்கையாளருக்கு ஒரு கணத் தாமதம் தோன்றாது. கோடிக்கணக்கான சொற்களை ஊகித்துப் பார்க்கும் கள்வனுக்கோ அது பெருந்தடையாகும்.

இவை வீண் அச்சங்கள் அல்ல. 2022ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பிறெஸ்ராஷொப் மென்பொருளை ஆக்குவோரே ஓர் எச்சரிக்கையை வெளியிட்டனர். தரவுத்தளத்துக்குப் போகும் கேள்வியின் நடுவே தம் கட்டளையைக் கலந்துவிடும் தந்திரத்தினாலே, பாதுகாப்புக் குறைந்த சில கடைகளுக்குள் தீயோர் புகுந்து, பணம் செலுத்தும் பக்கத்தின் இடத்தில் போலிப் படிவத்தை வைத்து, வாடிக்கையாளரின் அட்டை விவரங்களைத் திருட முயன்றமை அதில் அறிவிக்கப்பட்டது. திருத்தமும் உடன் வெளியிடப்பட்டது. ஆனால் திருத்தத்தை வெளியிடுவது ஒருவர் கடமை. அதனைத் தன் கடையில் இட்டுக்கொள்வது மற்றொருவர் கடமை. பாடம் முடிந்தது, புள்ளி கிடைத்தது என்று மாணவன் போய்விட, அவன் நிறுவிய கடை மட்டும் வெளியுலகுக்குத் திறந்தபடி ஆண்டுக்கணக்கில் ஒரு மூலையிற் கிடக்குமாயின், அது பல்கலைக்கழகம் முழுவதற்கும் கள்வழி ஆகிவிடும். முன்னே சொன்ன 1988ஆம் ஆண்டுச் சம்பவத்தின் பாடம் இங்கே பொருந்துகின்றது. கூடத்துக் கடையை உள்ளக முகவரியோடு நிறுத்துவதும், தவணை முடிவில் அதனை முறையாக மூடி அழிப்பதும், நிறுவுதலைப் போலவே பாடத்தின் பகுதிகளாக வேண்டும்.

மூடுவதற்கு முன்னே செய்யத்தக்க பரீட்சை இன்னும் ஒன்று உண்டு. கடையின் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் பிரதி எடுத்து வேறோரிடத்தில் வைத்து, கடையை வேண்டுமென்றே அழித்து, அந்தப் பிரதியிலிருந்து மீண்டும் எழுப்பிப் பார்ப்பதே அது. பிரதி எடுத்தோம் என்று சொல்வோர் பலர். அப்பிரதியிலிருந்து மீட்டுப் பார்த்தோர் சிலர். கோப்புகளை மட்டும் எடுத்துத் தரவுத்தளத்தை மறந்தவன், கட்டடத்தைக் காப்பாற்றிக் கணக்கை இழந்த முதலாளி போல விழிப்பான். அந்த விழிப்புக் கூடத்தில் நேர்வது நல்லது. உண்மைக் கடையில் நேர்ந்தால், பணம் கட்டிவிட்டுப் பொருளுக்குக் காத்திருக்கும் மனிதரின் பெயர்கூடத் தெரியாமற் போய்விடும்.

இலங்கையிலும் இவற்றுக்குச் சட்டம் உண்டு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்களுக்கு அங்கீகாரம் அளித்தது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் கணினிக் குற்றங்களை வரையறுத்தது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 2010ஆம் ஆண்டு முதல் இணைய முகவரியின் ஈற்றிலே 'இலங்கை' என்று தமிழ் எழுத்தாலேயே எழுதவும் இடம் உண்டு. ஆகவே, ஓலைப்பெட்டி முடையும் ஒரு பெண்மணி தமது பெயரையும் பொருளையும் முகவரியையும் தம் தாய்மொழியிலேயே காட்டும் கடையொன்றை வைத்துக்கொள்வது கனவு அன்று. அந்தப் பெண்மணி தரவுத்தளத்தைப் பற்றி அறியமாட்டார். பரிமாற்றத்தையும் பைட்டையும் அறியமாட்டார். அவர் தமக்குக் கடை அமைத்துத் தரும் இளைஞனை நம்புவார். அவரிடம் வாங்குகின்றவர் அவரை நம்புவார். ஓர் இரவில் கணக்கு அழிந்தால் அவ்வாரத்து அடுப்பு எரியாமற் போவது அவர் வீட்டில். ஆகையினாலேயே, கூடத்துக் கடையில் ஒரு சதமும் கைமாறாவிடினும் அங்கே பழகும் பழக்கம் விளையாட்டு ஆகிவிடாது.

தமிழிலே 'நாணயம்' என்ற சொல்லுக்குப் பொருள் இரண்டு. கையிற் கொடுக்கும் காசும் நாணயந்தான். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயந்தான். கடைக்காரரின் முகம் மறைந்துபோன இக்காலத்துக் கடையில், முதலாவது நாணயம் கம்பி வழியே கணப்பொழுதில் ஓடிவந்துவிடுகின்றது. இரண்டாவது நாணயத்தையோ பூட்டிய ஏட்டிலும், அழித்த சாரத்திலும், உண்மையாய் எழுதிய விவரத்திலும், மீட்டுப் பார்த்த பிரதியிலும் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்க வேண்டியிருக்கின்றது. கணினிக்கூடத்தில் கடை கட்டிப் பழகும் மாணவன், அந்த இரண்டாவது நாணயத்தைச் சேர்க்கப் பழகுவானாயின், அவன் பெற்ற கல்வி பயன்பட்டது என்று கொள்ளலாம்.